கொழும்பில் கலை விமர்சகராக வாழ எந்த வழி?

நாடகம், நடனம், சினிமா, ஓவியம், புத்தகம் பற்றி எழுதியே வாழ வேண்டும் என்று கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை சொன்னால், வீட்டில் முதலில் வருகிற கேள்வி "சம்பளம் ஆர் தருவினம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். சம்பளம் தருபவரின் முகத்துக்காக உங்கள் கருத்தை மாற்ற வேண்டி வருமா? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள வழிகளை ஒப்பிடுகிறேன்.

வெளிநாட்டு நிலவரம் தெரிந்ததுதான். 2024 ஜனவரியில், இசை விமர்சனத்துக்குப் பேர்போன பிட்ச்ஃபோர்க் தளத்தை அதன் உரிமையாளர்கள் ஜிகியூ சஞ்சிகையோடு சேர்த்துவிட்டார்கள். பலருக்கு வேலை போனது. 2025 செப்டம்பரோடு அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வாராந்த நூல் மதிப்புரைகளை நிறுத்தியது. இதைப் பார்த்து, தொழிலே அழிந்துவிட்டது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுநேரச் சம்பளத்தோடு விமர்சகர் என்றொரு பதவி இலங்கைத் தமிழில் எப்போதுமே அரிது. ஈழத்தின் பெரிய இலக்கிய விமர்சகர்களையே பாருங்கள். கைலாசபதி பத்திரிகை ஆசிரியராக இருந்தார், பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிவத்தம்பி கொழும்பு ஸாஹிரா கல்லூரியில் படிப்பித்தார், அப்புறம் பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலை பார்த்தார், 1965இல்தான் வித்தியோதயப் பல்கலைக்கழகம் போனார். 2022இல் காலமான கே. எஸ். சிவகுமாரன் வானொலியிலும் ஆங்கிலப் பத்திரிகையிலும் வேலை செய்தார், வெளிநாடுகளில் ஆசிரியராகவும் இருந்தார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பத்தி எழுதுவதை அவர் கடைசிவரை விடவில்லை. மூவருக்கும் சோறு போட்டது வேறு வேலை. இது முக்கியம், பிறகு திரும்பி வருகிறேன்.

முதல் வழி, தமிழ்ப் பத்திரிகையில் சேர்வது. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் வந்த தினகரன், 1997இல் வந்த தினக்குரல், பிறகு தமிழ் மிரர் என்று கொழும்பில் இன்னும் கதவுகள் இருக்கின்றன. மாதச் சம்பளம் உண்டு, சேமலாப நிதி உண்டு, ஊடக அடையாள அட்டை உண்டு. அதைவிடப் பெரிய லாபம், குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்கும் பழக்கம். இரவு பத்து மணிக்குப் பார்த்த நாடகத்தைப் பற்றி அடுத்த நாள் மதியத்துக்குள் நானூறு சொல்லில் எழுதத் தெரிந்தவருக்கு வேறெங்கும் பயமில்லை.

ஆனால் உங்களை அங்கே விமர்சகராக எடுக்க மாட்டார்கள். உதவி ஆசிரியராக எடுப்பார்கள். நீதிமன்றச் செய்தியைத் திருத்தி, மாகாணச் செய்தியைச் சுருக்கி, மிச்ச நேரத்தில்தான் கலை. ஞாயிறு வாரவெளியீட்டில் அரைப் பக்கம் தருவார்கள். விளம்பரம் வந்தால் அந்த அரைப் பக்கம் அடுத்த கிழமைக்குப் போகும். கலைப் பக்கத்தில் பெரும்பாலும் வருவது விழாச் செய்தி: யார் விளக்கேற்றினார், யார் தலைமை தாங்கினார், முதற்பிரதியை எந்த வர்த்தகர் பெற்றுக்கொண்டார். அதை எழுதிக்கொடுத்துப் பழகிய கைக்கு, "இந்த நாவலின் இரண்டாம் பாதி தேவையில்லாதது" என்று எழுத வராது. இதுதான் என்னுடைய பெரிய கவலை.

பத்திரிகையால் எதுவும் முடியாது என்று சொல்ல வரவில்லை. கைலாசபதி 1959இல் தினகரன் ஆசிரியரானபோது அவருக்கு வயது 26 அளவில்தான். இரண்டு வருடம்தான் அந்தக் கதிரையில் இருந்தார். ஈழத்து எழுத்தாளர்களுக்கும் இலக்கிய விவாதங்களுக்கும் அவர் திறந்துவிட்ட பக்கங்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிறோம். ஆனால் அது ஆசிரியருடைய அதிகாரம். பக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற இடத்துக்குப் போகும் பொறுமை உங்களுக்கு இருந்தால் பத்திரிகைக்குப் போங்கள். எழுத மட்டும் ஆசை என்றால் அந்த நாற்காலி உங்களைக் களைக்க வைக்கும். அச்சும் இப்போது பலமான தரை இல்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் உபாலி நிறுவனத்தின் ஆங்கில, சிங்களப் பத்திரிகைகளே அச்சை இடைநிறுத்தி இணையத்துக்கு மட்டும் போக வேண்டி வந்தது.

இரண்டாவது, ஆங்கிலத்தில் எழுதுவது. காசு என்ற கண்ணால் பார்த்தால் இதுதான் முன்னுக்கு நிற்கும். ஹிமால் சௌத்ஏசியன் சஞ்சிகை 2018இல் காத்மாண்டுவிலிருந்து கொழும்புக்கு வந்தது. அதற்கு வெளியே, கட்டுரைக்கு வெளிநாட்டுக் காசு தருகிற கலைச் சஞ்சிகைகளும் இருக்கின்றன. ஒரு கட்டுரை ஏற்கப்பட்டாலே உள்ளூரில் பல கட்டுரைகளுக்குக் கிடைப்பதைவிடக் கூட வரும். காசைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள திருத்தம். "இந்தக் காட்சி பலவீனமானது என்கிறீர்கள், எந்த இடத்தில், ஏன்?" என்று ஒரு நல்ல ஆசிரியர் கேட்டு மூன்று தரம் திருப்பி அனுப்புவார். இந்தப் பயிற்சி தமிழில் ஏறக்குறைய இல்லை. எழுதிக் கொடுத்தது அப்படியே வரும், எழுத்துப் பிழை உட்பட.

இழப்பு எங்கே என்றால், ஆங்கில வாசகருக்குக் கூத்து என்றால் என்ன, வடமோடி தென்மோடி என்றால் என்ன, அண்ணாவியார் யார் என்று ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எண்ணூறு சொல்லில் நானூறு அறிமுகத்துக்கே போய்விடும். மிச்ச நானூறில் தீர்ப்புச் சொல்ல இடமிருக்காது. கொஞ்சக் காலத்தில் நீங்கள் தமிழ்க் கலைக்குத் தூதுவர் ஆகிவிடுவீர்கள். தூதுவர் குறை சொல்வதில்லை. யாருடைய நாடகத்தைப் பற்றி எழுதினீர்களோ அந்த நெறியாளர் அதை வாசிக்காமலே போகவும் கூடும். விமர்சனம் கலைஞரோடு நடக்கிற சண்டையும் சமாதானமும்தானே. சண்டை போடும் ஆளுக்குக் கேட்காத மொழியில் எத்தனை நாள் போடுவது?

மூன்றாவது வழியைத்தான் இப்போது எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள்: சொந்த யூடியூப் சேனல். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பக்க அளவு இல்லை, குரலும் படமும் இருக்கின்றன. நாடகத்தையும் நடனத்தையும் விளக்க எழுத்தைவிடக் காணொளி பொருத்தமான இடங்களும் உண்டு. நடன அடவு ஒன்றைச் சொல்லில் விளங்கப்படுத்துவதைவிடக் காட்டுவது இலகு.

கணக்கைப் பாருங்கள். விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரர் வேண்டும், அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வை வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வை வர வேண்டும். பிறகும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். இதெல்லாம் முயன்றால் முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் காணொளி பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை வெளியாகும் சென்னைப் படம் வேண்டும். வெள்ளவத்தை சவோயில் முதற்காட்சி பார்த்துவிட்டு ஓடிவந்து பேசினால் பார்வை வரும். லயனல் வென்ட் அரங்கில் இரண்டு இரவு மட்டும் மேடையேறிய ஒரு தமிழ் நாடகத்தைப் பற்றிப் பேசினால் வராது. அந்த நாடகம் முடிந்துவிட்டது, தேடுபவர் இல்லை. மூன்று மாதம் எண்ணிக்கையைப் பார்த்தால், யாரும் சொல்லாமலே நீங்கள் நாடகத்தை விட்டுவிடுவீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு சென்னையின் ஆயிரத்தோராவது பட விமர்சகர் ஆவதற்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

அந்தக் களமும் சுமுகமாக இல்லை. படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனம் கூடாது என்று தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் 2024 கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. வாசகரிடம் நேரே சந்தா வாங்கலாமே என்பவர்களுக்கு ஒன்று: சந்தாவுக்கு எழுதும் சப்ஸ்டாக் தளத்தில் காசு வாங்க, ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவையில் கணக்கு வேண்டும், ஸ்ட்ரைப் சேவை தரும் நாடுகளில் இலங்கை இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் கணக்கில் சிலர் சமாளிக்கிறார்கள். தொழிலை அப்படி இன்னொருவர் பெயரில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிலையான சம்பளம், நூலகம், மாணவர்கள், ஓய்வூதியம் வரை எல்லாம் நல்லது. எங்கள் பெரிய விமர்சன நூல்கள் வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் தமிழில் கலைகளைப் படிப்பிக்கும் இடங்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கின்றன, வெற்றிடம் எப்போதாவதுதான் வரும். பதவி உயர்வுக்கு ஆய்வேட்டுக் கட்டுரைகளைத்தான் கணக்கெடுப்பார்கள். போன கிழமை பார்த்த நாடகத்தைப் பற்றி இந்தக் கிழமை எழுதியதை ஒருவரும் எண்ண மாட்டார்கள்.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதில்லை: கலை நிறுவனங்களுக்குள் எழுதும் வேலை. 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் காட்சிகளை மூன்று மொழியிலும் வைக்கிறது. 2013 முதல் நடக்கும் கொழும்புஸ்கோப் விழா இருக்கிறது. தனியார் கலைக்கூடங்கள் இருக்கின்றன. ஓவியத்தைப் பற்றித் தெளிவான தமிழில் எழுதக்கூடியவர்கள் குறைவு என்பதால் உங்களுக்குத் தேவை உண்டு. ஓவியம், நிறுவற்கலை (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் கலை) என்று வரும்போது தமிழ் விமர்சனம் மிக மெலிந்தது. நவீன ஓவியர்களின் '43 குழு'வைப் பற்றிக் கொழும்பில் இவ்வளவு பேச்சு இருக்கிறது, அதில் தமிழில் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஆகவே கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இடமில்லை. கலைஞர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒரு படத்தை எந்தச் சுவரில், எந்த ஒளியில் தொங்கவிடுவது என்று வாக்குவாதம் நடக்கும்போது காது கொடுத்துக் கேட்கலாம். ஆனால் ஒரு கலைக்கூடத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதிக் காசு வாங்கினால், அந்தக் கலைக்கூடத்தின் கண்காட்சியை விமர்சிக்கும் உரிமை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு சின்ன ஊர். நாலு இடத்தில் காசு வாங்கினால் எழுத ஐந்தாவது இடம் மிஞ்சாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது: பிரச்சினை வந்தால் உங்களுக்குப் பின்னால் யார் நிற்பார்? குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. மான நஷ்ட வழக்கு இன்னும் போடலாம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் எழுதுபவர் எல்லாரையும் தொடும். பத்திரிகையில் எழுதினால் ஆசிரியரும் நிறுவனத்தின் சட்டத்தரணியும் உங்களோடு நிற்பார்கள், குறைந்தது நிற்க வேண்டியவர்கள். சொந்தச் சேனலில் நீங்கள் தனி.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் கதையை இந்தத் தொழிலுக்கு வரும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். அவருடைய 'நவரசம்' கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. அதே கவிதைகள் தீவிரவாதத்துக்கு எதிரானவை என்று தமிழ் தெரிந்த எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் காட்டினார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை 2023 டிசம்பரில். ஒரு தமிழ்க் கவிதையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்டி, இது சொல்வது இதுதான் என்று நிறுவக்கூடிய ஆட்கள் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை அந்த மூன்றரை வருடம் காட்டியது. விமர்சனம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, நான் எதைத் தெரிவு செய்வேன்? சோற்றை மொழிபெயர்ப்பில் தேடுவேன், விமர்சனத்தைத் தமிழில் எழுதுவேன், ஆங்கிலத்தை இரண்டாவது கையாக வைத்திருப்பேன். சிவத்தம்பி பாராளுமன்றத்தில் மொழிபெயர்த்த காலத்தை நினைத்துத்தான் சொல்கிறேன். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. சட்டத்தில் உள்ளது அலுவலகத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதனாலேயே மூன்று மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலை ஓயாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்தால் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வந்துகொண்டே இருக்கும். இந்த வேலை கொடுப்பவர்களில் எவரும் நாடகம் போடுவதில்லை, நாவல் எழுதுவதில்லை, அரங்கேற்றம் வைப்பதில்லை. உங்கள் தீர்ப்பில் கைவைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. நான் ஆரம்பத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு, மேலே சொன்ன மற்ற வழிகளில் எதுவும் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பு இன்னொன்றும் செய்யும்: சிங்களத்தை உங்கள் கைக்குக் கொண்டுவரும். கொழும்பில் இருப்பதன் முழுப் பெறுமதியும் அதில்தான். 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்டில் சரச்சந்திரவின் சிங்கள நாடகம் 'மனமே' மேடையேறியபோது, ஆங்கிலத்தில் எழுதிய விமர்சகர் ரெஜி சிறிவர்தன அதன் பெறுமதியை உடனே எழுதினார். அந்த நாடகம் எடுத்தாண்ட, 'நாடகம' என்ற சிங்கள நாட்டார் நாடக வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் சரச்சந்திர இருந்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதக்கூடியவர் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. யாழ்ப்பாணத்து விமர்சகருக்கோ சென்னை விமர்சகருக்கோ கிடைக்காத வாய்ப்பு அது. தமிழ் நாடகத்துக்கு வருகிற அளவுக்குச் சிங்கள நாடகத்துக்கும் மருதானை எல்பின்ஸ்டன் அரங்குக்குப் போய்வருகிற தமிழ் விமர்சகர் ஒருவர் இருந்தால், மற்றவர்களால் எழுத முடியாததை அவர் எழுதுவார்.

குறையையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்க ஆவணம் பார்த்த கண்ணோடு இரவு அரங்குக்குப் போவது களைப்பு. அனுமதிச் சீட்டை நீங்களே வாங்க வேண்டும், வாங்கத்தான் வேண்டும், இலவசச் சீட்டில் பேனா கொஞ்சம் வளையும். பெண்ணாக இருந்தால் இரவு பத்து மணிக்கு மருதானையிலிருந்து வீடு திரும்ப பிக்மீ செயலியில் பிடிக்கும் ஓட்டோச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாதத்தில் சில தரம் என்றாலே அது சிறு தொகை இல்லை. இந்தச் செலவால் நல்ல எழுத்துள்ள பெண்கள் நாடகத்தை விட்டுப் புத்தக விமர்சனத்துக்கு மட்டும் ஒதுங்குகிறார்கள். ஆசிரியர்கள் கட்டுரைக்குக் காசு தராவிட்டாலும் இந்தப் போக்குவரத்துச் செலவையாவது தர வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

இந்த வழியில் போகிறவர் இரண்டு விடயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். முதலாவது, நூல் வெளியீட்டில் நயவுரை ஆற்றிய புத்தகத்தைப் பற்றி மதிப்புரை எழுதக்கூடாது. தமிழ்ச் சங்கத்து மேடையில் பொன்னாடை போர்த்திய பிறகு உண்மை எழுத ஒருவராலும் முடியாது. இரண்டாவது, அரங்கேற்றத்தை விமர்சிக்கக்கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளை முதன்முதலாக மேடையேறும் நாள் அது. பெற்றோர் சேமிப்பை எல்லாம் போட்டிருப்பார்கள், வெள்ளவத்தையில் பாதிப் பேர் சொந்தக்காரர். புகழ்ந்தால் பொய், குறை சொன்னால் கொடுமை. அந்தப் பிள்ளை வளர்ந்து, சீட்டு விற்று ஆடும் நாளில் எழுதுங்கள். அன்றைக்குத் தயவு பார்க்காதீர்கள்.

காணொளியை முழுதாகத் தள்ளவும் வேண்டாம். எழுதிய விமர்சனத்தைச் சுருக்கி மூன்று நிமிடம் பேசிப் போடலாம். அதிலிருந்து வருமானம் எதிர்பார்க்காதவரை எண்ணிக்கை உங்களை இழுக்காது. எழுத்து முதலில், அது இருக்க வேண்டிய இடம் தமிழ்ச் சஞ்சிகையும் பத்திரிகையும் நிலைத்து நிற்கும் இணையத்தளமும். 2014 முதல் இயங்கும் 'மாற்றம்' போன்ற தளங்கள் நீண்ட கட்டுரைக்கு இடம் தருகின்றன.

வீட்டுக்கு மாதாமாதம் காசு அனுப்பியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு என் தெரிவு பொருந்தாது. மொழிபெயர்ப்பில் பெயர் எடுக்கக் காலம் எடுக்கும். அவர் பத்திரிகைக்கே போகட்டும், ஆனால் சேரும்போதே விழாச் செய்தியைத் தன் பெயர் போட்டு எழுதுவதில்லை என்று ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். பெயர் போட்டு வருவது விமர்சனம் மட்டுமாக இருந்தால் வாசகர் அந்தப் பெயரைப் பிரித்து அறிந்துகொள்வார்கள். சிங்களம் அறவே வராது, ஆங்கிலம் நன்றாக வரும் என்பவர் கலை நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துக் கண்ணைப் பழக்கிவிட்டு வெளியே வரலாம். எந்த வழியில் போனாலும், அச்சில் வந்த ஒவ்வொரு விமர்சனத்தையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் 'நூலகம்' என்ற எண்ணிமத் தளத்தில் பழைய சஞ்சிகைகளைத் திறந்து, அறுபதுகளில் கொழும்பில் நடந்த நாடகங்களைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று வாசித்துவிட்டு முதல் விமர்சனத்தை எழுதத் தொடங்குங்கள்.